மாடி எடுக்கும் முன் கீழ்வீட்டைக் கேளுங்கள்

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அல்லது தெருவில் நாலு பேர் வாடகைக்கு விட ஒரு போர்ஷன் கட்டிவிட்டதைப் பார்த்ததும், வீட்டில் அந்தப் பேச்சு வந்துவிடும்: "மேலே ஒரு மாடி எடுத்துவிடலாமே." மறுநாளே குடும்பம் மொட்டைமாடியில் ஏறி நிற்கும். இங்கே ஹால், அங்கே பெட்ரூம், கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல் என்று கோடு போடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. அப்பா 1994-இல் கட்டிய 850 சதுர அடி வீடு. மேலேயும் முழுதாக 850 அடி எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். கடைசியில் 620 அடிதான் எடுத்தோம். மீதி 230 அடியை ஏன் விட்டோம் என்பதில்தான் நான் கற்றுக்கொண்டதில் பாதி இருக்கிறது.

மாடியைப் பற்றிய முதல் கேள்வியை மண்ணுக்கு அடியில்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சொந்த வீட்டின் மேல் முதல் தளம் எடுக்க நினைப்பவர்களுக்காக, எதற்குப் பின் எது என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

கீழ்வீடு எதைத் தாங்கும்?

உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். தூணும் பீமும் வைத்துக் கட்டிய வீட்டில் எடையைத் தூண்கள் சுமக்கும். சுவர் வெறும் தடுப்பு. லோடு பேரிங் என்று கொத்தனார்கள் சொல்லும் வீட்டில் 9 அங்குலச் சுவர்களே கூரையைச் சுமக்கும். அறை மூலைகளில் தூண் துருத்திக்கொண்டிருக்கிறதா, கூரைக்கு அடியில் பீம் இறங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். தூணும் சுவரும் ஒரே கனத்தில் இருந்தால் பூச்சுக்குள் மறைந்திருக்கும், அப்போது கண்ணால் சொல்ல முடியாது. மொட்டைமாடியில் மூலைக்கு மூலை கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் தூண் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

மூன்றாவது வகை, மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ். ஓட்டு வீட்டைப் போலவே அதன் மேலும் மாடி என்ற பேச்சை எடுக்க வேண்டாம். பழைய கூரையைப் பிரித்து, கடைக்காலிலிருந்து யோசிக்க வேண்டிய வேலை அது.

மாடியின் எடை எவ்வளவு என்று ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்தால் இதெல்லாம் ஏன் என்று புரியும். ஒரு கன மீட்டர் கம்பி போட்ட கான்கிரீட் சுமார் 2,500 கிலோ. 600 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால், அந்தத் தளம் மட்டும் 17 டன்னுக்கு மேல் வரும். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரம் என்றால், ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ. 100 அடி நீளச் சுவருக்கு 40 டன். பூச்சு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, பீரோ, மனிதர்கள் எல்லாம் இதற்கு மேல். இத்தனையும் 30 வருஷத்துக்கு முன் தோண்டிய ஒரு கடைக்காலின் மேல்தான் வந்து உட்காரும்.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு குழி தோண்டுவது. சுவரை ஒட்டி, அல்லது ஒரு தூணின் அருகில், இரண்டு மூன்று இடங்களில் கடைக்கால் அடிமட்டம் தெரியும்வரை தோண்டச் சொல்லுங்கள். ஆழம் எத்தனை அடி, அடியில் கான்கிரீட் இருக்கிறதா, அகலம் எவ்வளவு, எந்த மண்ணில் நிற்கிறது என்று நாலு விஷயம் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் தோண்ட வேண்டாம். ஒன்றைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, மண்ணை மூடிக் கெட்டித்த பிறகு அடுத்தது. கரிசல் மண் உள்ள ஊராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மண் அது. கீழ்வீட்டுச் சுவரில் ஏற்கெனவே சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால், மாடிக்கு முன் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் தோண்டியபோது நாலரை அடி ஆழத்தில் நல்ல கருங்கல் கடைக்கால் இருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. பின்பக்கம், சமையலறைச் சுவரின் ஓரம் தோண்டினால் இரண்டு அடியிலேயே மண் வந்துவிட்டது. அப்புறம்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது: சமையலறையும் அதை ஒட்டிய அறையும் வீடு கட்டி ஆறு வருஷம் கழித்துச் சேர்த்தவை. அப்போது மாடி என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. அந்த 230 அடி இப்போதும் திறந்த மொட்டைமாடியாகவே இருக்கிறது. அம்மா அங்கே வடகம் காயப் போடுகிறார். குழி தோண்டாமல் இருந்திருந்தால் அதன் மேல் ஒரு படுக்கையறை வந்திருக்கும்.

குழியைப் பார்த்த பிறகு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் படம் வரைபவர் வேறு, இவர் வேறு. எடை எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போடுவது இவர் வேலை. ரீபவுண்ட் ஹேமர் என்ற ஸ்பிரிங் சுத்தியலால் தூணையும் பீமையும் தட்டி, கான்கிரீட் எந்த அளவுக்கு உறுதியாக இருக்கிறது என்று ஓரளவு சொல்வார். சந்தேகம் இருந்தால் கம்பி எத்தனை, எந்தக் கனம் என்று கண்டறியும் சோதனையும் உண்டு. "எத்தனையோ வீட்டுக்கு மேலே கட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் மேஸ்திரியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் கட்டிய அந்த வீடுகளின் கடைக்கால் வேறு, உங்களுடையது வேறு. இன்ஜினியருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். முழுச் செலவில் அது ஒரு துளி.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அப்பவே மாடிக்குக் கம்பி விட்டிருக்கு" என்று பெருமையாகச் சொல்வோம். புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்ட, கம்பியின் விட்டத்தைப் போல சுமார் 50 மடங்கு நீளம் வேண்டும். 12 மில்லி கம்பிக்கு 2 அடி, 16 மில்லிக்கு 2 அடி 8 அங்குலம். பல வீடுகளில் ஓர் அடிதான் நீட்டியிருக்கும், அதுவும் 20 வருஷ மழையில் துருவேறி இளைத்திருக்கும். துருவைத் தேய்த்துவிட்டு அப்படியே கட்டிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது, அது தவறு. இளைத்ததை வெட்டிவிட்டு, தூணில் துளையிட்டு ரசாயனம் வைத்துப் புதுக் கம்பி நடும் முறை இருக்கிறது. எத்தனை ஆழம், எந்தக் கம்பி என்பதை இன்ஜினியர் எழுதித் தரட்டும்.

தாங்காது என்று பதில் வந்தால் எல்லாம் முடிந்துவிடவில்லை. தூணைச் சுற்றிக் கூடுதலாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுப் பருமனாக்கலாம். கடைக்காலையும் அதோடு விரிக்க வேண்டும், செலவு அதிகம். இல்லையென்றால் மாடியின் எடையைக் குறைக்கலாம். ஏ.ஏ.சி. பிளாக் என்ற, உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கல்லில் 8 அங்குலச் சுவர் 10 அடி உயரத்துக்கு எடுத்தால், ஓர் அடி நீளத்துக்கு சுமார் 120 கிலோதான். கான்கிரீட் கூரைக்குப் பதில் இரும்புச் சட்டத்தில் ஓடோ ஷீட்டோ போடலாம். ஷீட் என்றால் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் எத்தனை கூரைகளைத் தூக்கிப் போட்டது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தைச் சுவரின் மேல் வைத்தால் போதாது. பீமுக்குள் போல்ட் இறக்கிப் பிடிக்க வேண்டும்.

வீடு யார் பெயரில்?

இதைப் பேசச் சங்கடப்பட்டுத் தள்ளிப்போடுகிறோம். அப்பா பெயரில் வீடு இருக்கும். சின்ன மகன் கடன் வாங்கி மாடி எடுப்பான். யாரும் எதுவும் எழுதி வைக்க மாட்டார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடாக இருந்து, உயில் இல்லாமல் அவர் காலமானால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மாடியை யார் காசில் கட்டியது என்ற கேள்வி அங்கே பெரிய சண்டையாகிவிடும்.

எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அப்பா தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம், உயில் எழுதலாம், மாடிக்கு உரிய பிரிபடாத மனைப் பங்கை ஒருவர் பெயருக்கு மாற்றலாம். எது பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அக்கா தங்கைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வங்கிக்கடன் வாங்குவதானாலும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கடனில் சேர வேண்டியிருக்கும்.

கையோடு பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, பழைய கட்டட அனுமதி, அதன் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த படிக்கு எல்லாமே தேவைப்படும்.

அனுமதி

கீழ்த்தளத்துக்கு வாங்கிய அனுமதி மாடிக்குச் செல்லாது, அந்தப் பழைய வரைபடத்திலேயே மாடியும் இருந்தாலொழிய. அப்படி இருந்தாலும் அனுமதிக்குக் காலாவதி உண்டு. கூடுதல் கட்டடத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிறிய வீடுகளுக்குப் பெரும்பாலும் உங்கள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி வழியாகவே வேலை முடியும். விண்ணப்பம் இப்போது ஒற்றைச் சாளர இணையதளத்தில்.

இன்று தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதில் இரண்டு விஷயங்கள் உங்களைத் தொடும். ஒன்று, தளப்பரப்புக் குறியீடு. சாதாரண வீட்டுக்கு அது 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை. இன்னொன்று, நாலு பக்கமும் விட வேண்டிய திறந்தவெளி. நடைமுறையில் இதுதான் இடிக்கும். பழைய வீட்டில் பக்கவாட்டில் ஒன்றரை அடிதான் விட்டிருப்பார்கள், அல்லது பின்னால் ஷெட் போட்டு அடைத்திருப்பார்கள். கீழ்த்தளமே அனுமதி பெற்ற படத்துக்கு மாறாக இருந்தால் மாடி விண்ணப்பம் அங்கேயே நிற்கும். எனவே டேப் எடுத்து இருப்பதை அளந்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ, 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்று, பழைய அனுமதிப் படத்தைக் காட்டி, உரிமம் பெற்ற இன்ஜினியரிடம் கேளுங்கள்.

மின்கம்பியையும் இப்போதே பாருங்கள். தெருவில் போகும் சாதாரண வீட்டு இணைப்புக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், தலைக்கு மேல் 2.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர். கீழ்த்தளத்தில் இருக்கும்போது எட்டாத உயரத்தில் தெரிந்த கம்பி, மாடி பால்கனியில் கைக்கு எட்டும். சென்ட்ரிங் கம்பியைத் தூக்கித் திருப்பும்போது மின்கம்பியில் உரசி உயிர்போன சம்பவங்கள் ஊருக்கு ஊர் உண்டு. மின்கம்பியை மாற்றவோ உறை போடவோ மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பணம் கட்டி, ஆள் வந்து முடிக்க நாளாகும். வேலைக்கு எடுக்கும் மின்சாரத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

படம் வரையும்போது

மாடிக்குப் படம் வரைவதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இப்போதைய கூரைதான் மாடிவீட்டின் தரை. அதை நகர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. மேலே வரும் சுவர்கள் கீழே உள்ள சுவரின் மேலோ பீமின் மேலோதான் உட்கார வேண்டும். ஹாலைப் பெரிதாக்கலாம், அறையை இரண்டாகப் பிரிக்கலாம் என்று ஆசைப்பட்டு, கீழே ஒன்றுமில்லாத இடத்தில் செங்கல் சுவர் எழுப்பினால், தளத்தின் நடுவில் எடை ஏறிக் கீழ்வீட்டுக் கூரையில் விரிசல் விடும். தடுப்பு வேண்டியே ஆக வேண்டும் என்றால் ஜிப்சம் பலகையோ மரமோ போடுங்கள்.

பாத்ரூம்தான் புதிதாக மாடி எடுப்பவர்கள் அதிகம் தவறும் இடம். புது வீட்டில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டுக் குழாய்களை அதற்குள் மறைப்பார்கள். பழைய கூரையில் அதற்கு வழியில்லை. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பாத்ரூம் தரையை அரையடி, முக்காலடி உயர்த்தலாம்; படி ஏறி உள்ளே போக வேண்டும், வயதானவர்களுக்குச் சிரமம், உள்ளே நிரப்பும் பொருளின் எடையும் கூடும். கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வைத்து, தளத்தில் துளையிட்டு, குழாயைக் கீழ் பாத்ரூமின் கூரையடியில் ஓட்டி மறைக்கலாம். மூன்றாவது, வெளிச்சுவரை ஒட்டி வெஸ்டர்ன் கிளாசெட் வைத்து, பி-டிராப் வகையை வாங்கிச் சுவர் வழியே நேராக வெளியே குழாயை எடுப்பது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். குளிக்கும் தண்ணீர் வெளியேறவும் சுவரோரமாக இடம் விட்டு, தரையை மூன்று அங்குலம் மட்டும் உயர்த்தினோம். எந்த வழியானாலும் மேல் பாத்ரூமைக் கீழ் பாத்ரூமுக்கு மேலேயே வைத்துவிடுங்கள். பூஜை அறைக்கோ சமையலறைக்கோ மேலே வந்தால், மனக்குறை ஒருபக்கம் இருக்கட்டும், நாளைக்கு ஒரு சொட்டு ஒழுகினால் யாராலும் தாங்க முடியாது. துளையிடும்போது பீமைத் தொடக்கூடாது என்பதை வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக் குறித்துக் காட்டுங்கள்.

படிக்கட்டு: வாடகைக்கு என்றால் வெளியே தனிப் படி, மகன் குடும்பத்துக்கு என்றால் உள்ளே. இதில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஆகும்படி என்று யோசித்தால் இடம் வீணாகும். வெளிப்படிக்கட்டு விட வேண்டிய திறந்தவெளியை அடைக்கிறதா என்று அனுமதிப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 7 அங்குல உயரத்தில் 18 படி. மிதிக்கும் அகலம் 10 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். இடம் போதவில்லை என்று 8 அங்குலத்தில் படி கட்டிய வீடுகளில், பாட்டிகள் மாடிக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள்.

1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதைத் தூண் மேலோ, சுவர்கள் கூடும் மூலையிலோ வையுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால், புதுக் கூரையின் தண்ணீரும் பழைய சேகரிப்புக் குழிக்குப் போகும்படி குழாய் வழியைப் படத்திலேயே போடச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் இரண்டு குடும்பத்துக்குப் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

காசும் ஒப்பந்தமும்

மாடிக்குக் கடைக்கால் செலவு இல்லை, அதனால் சதுர அடிக்கு மலிவு என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் செங்கல், மணல், ஜல்லி எல்லாவற்றையும் மேலே ஏற்றும் கூலி சேரும். பழைய மேல்தளத்தை உடைத்து அள்ளும் செலவு, தொட்டி மாற்றுவது, கீழ்வீட்டில் கெடும் பெயின்ட் ஆகியவையும் சேரும். வீட்டு வேலைகளில் பொதுவாகக் கையாளும் கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பி. 600 அடிக்கு சுமார் 240 மூட்டையும் இரண்டு டன்னுக்கு மேல் கம்பியும். யாராவது கொடுக்கும் எஸ்டிமேட் இதிலிருந்து ரொம்ப விலகினால் ஏன் என்று கேளுங்கள். போட்ட மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதமாவது ஒதுக்கி வைக்காமல் முதல் செங்கலை வாங்க வேண்டாம். பாதியில் நின்ற மாடி கீழ்வீட்டையும் ஒழுக விடும்.

லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் நீங்கள் வாங்கித் தர வேண்டும், தினமும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். மெட்டீரியலோடு விட்டால் அலைச்சல் குறையும், ஆனால் என்ன சிமென்ட், என்ன கம்பி, எந்த டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை, எந்த ஒயர் என்று வரிவரியாக எழுதி வாங்க வேண்டும். இரண்டிலும் தகராறு வரும் இடம் ஒன்றுதான்: சதுர அடியை எப்படி அளப்பது? படிக்கட்டின் உச்சியில் வரும் ஹெட்ரூம், பால்கனி, சன்ஷேட், லாஃப்ட், கைப்பிடிச் சுவர் இவை கணக்கில் சேருமா, முழுதாகவா பாதியாகவா? எங்களுக்கு வேலை எடுத்தவர் நல்ல வேலைக்காரர். ஆனால் கடைசிக் கணக்கில் சன்ஷேடையும் சேர்த்து 70 அடி கூட்டிக் காட்டினார். எழுதி வைக்காததால் பாதியைக் கொடுத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வாரம் நிம்மதியாகப் போயிருக்கும்.

பணத்தை நாளுக்கோ வாரத்துக்கோ கொடுக்காமல், வேலையின் கட்டத்துக்குக் கொடுங்கள்: தூண் முடிந்ததும், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம், கூரைக் கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் என்று. கடைசித் தவணை ஒரு மழை பார்த்த பிறகு என்று பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

எப்போது தொடங்குவது

தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரையைத் திறக்கக்கூடாது; சித்திரை, வைகாசியில் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் கான்கிரீட் நனைக்கவே லாரி வாங்க வேண்டியிருக்கும். தையில் தொடங்கினால் பங்குனிக்குள் கூரை போட்டுவிடலாம். உள்வேலையைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அதுதான் இத்தனை நாள் மழையை உள்ளே விடாமல் காத்தது. மாடி வரும் பகுதியில் அதை எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வீணாக எடை. ஆனால் எடுத்த நாள் முதல் கீழ்வீட்டுக்குக் குடை இல்லை. ஒரு கோடைமழை போதும், கீழே மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டும். எனவே சுவர் வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு உடையுங்கள். கனமான தார்ப்பாய் இரண்டு எப்போதும் மேலே இருக்கட்டும். உடைத்த குப்பையை ஒரே இடத்தில் குவிக்க விடாதீர்கள். செங்கல், மணலையும் தளத்தின் நடுவில் அடுக்காமல், சுவர் இருக்கும் ஓரங்களில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள்.

கீழே குடியிருந்துகொண்டே கட்டுகிறீர்கள் என்றால், வேலை தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கீழ்வீட்டிலும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒட்டுச் சுவரிலும், இருக்கும் விரிசல்கள் அனைத்தையும் படம் எடுத்து, முனையில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போடுங்கள். வேலை நடக்கும்போது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே இன்ஜினியருக்குச் சொல்லலாம். பக்கத்து வீட்டோடும் வம்பு வராது. தண்ணீர்த் தொட்டி இறங்கிவிடும் என்பதால் தற்காலிகத் தொட்டி ஒன்றைக் கீழேயோ, விட்டுவைக்கும் பகுதியிலோ பொருத்திவிட்டுத்தான் பழையதைத் தொட வேண்டும். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பொதுத்தேர்வு நேரத்தையும் பாருங்கள். உடைக்கும் சத்தம் கீழே தாங்க முடியாததாக இருக்கும்.

கான்கிரீட் போடும் நாள்

இதற்கு முந்தின மாலை மிக முக்கியம். கம்பி கட்டி முடித்ததும் இன்ஜினியர் வந்து பார்க்காமல் கான்கிரீட் லாரிக்கோ மிக்ஸருக்கோ சொல்லாதீர்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தளத்துக்கு 20 மில்லி, தூணுக்கு 40 மில்லி இடைவெளி வேண்டும். அதற்குப் பதில் உடைந்த ஜல்லியையோ டைல்ஸ் துண்டையோ வைப்பார்கள், நகர்ந்துவிடும். மின்குழாய், விசிறிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் செல்போனை எடுத்து, ஒவ்வோர் அறையின் கம்பியையும் டேப் விரித்து வைத்துப் படம் எடுங்கள். நாளைக்கு எங்கே டிரில் போடலாம், எங்கே கூடாது என்று சொல்லப்போவது இந்தப் படங்கள்தான்.

எம் 20 என்ற கான்கிரீட் தரத்தில் சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 என்ற அளவில் கலக்கும்போது ஒரு மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. வேலையாட்களுக்குத் தளர்வாக இருந்தால்தான் தள்ளச் சுலபம். "இன்னும் ஒரு குடம்" என்று ஊற்றிவிடுவார்கள். மிக்ஸர் பக்கத்தில் தண்ணீரை அளக்க ஓர் ஆளை நிறுத்துங்கள், வீட்டு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் சித்தப்பா காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை அந்தக் குடத்தை விட்டு நகரவில்லை. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு வைத்திருக்கச் சொல்லுங்கள்; ஒன்று நடுவில் நின்றுவிடும்.

மறுநாள் காலையிலேயே தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 14 நாள் நனைந்தபடி இருக்கட்டும். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். வெறுமனே ஊற்றினால் வழிந்தோடிவிடும். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் முட்டுகளைப் பிரிக்க அவசரப்படுத்துவார்கள், அவர்களுக்கு அடுத்த வேலை காத்திருக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456-இன்படி, சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இவை சாம்பல் கலக்காத சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டை வைத்துச் சொன்ன குறைந்தபட்ச நாட்கள், பி.பி.சி.க்கு இன்னும் சில நாள் கூட்டுங்கள். கீழ்வீட்டுக் கூரையின் மேல் நிற்கும் முட்டுகளின் எடையைத் தாங்க, கீழ் அறைகளுக்குள்ளும் முட்டுக் கொடுக்க வேண்டுமா என்று இன்ஜினியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலில் மூன்று வாரம் முட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

முடிந்த பிறகு

சொத்துவரியைத் திருத்தச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். மாடியில் தனிக் குடும்பம், தனிச் சமையலறை, தனி வாசல் இருந்தால் இரண்டாவது மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதற்காக மட்டும், ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்தால் பிறகு சேர்த்துவிடுவார்கள்.

முதல் பெருமழை பெய்யும்போது டார்ச் எடுத்துக்கொண்டு மேலும் கீழும் ஒரு சுற்றுப் போங்கள். புதுச் சுவரும் பழைய மொட்டைமாடியும் சேரும் மூலை, ஹெட்ரூம் கதவு நிலையின் அடி, குழாய்க்காகத் துளையிட்ட இடங்கள், இந்த மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சாக்பீஸால் சுற்றிக் குறித்துவிட்டு, கடைசித் தவணை வாங்க வரும் மேஸ்திரியிடம் காட்டுங்கள்.